எடிட்டிங் மேசை: ஸ்டார் வார்ஸுக்கு குரோசவா வேஷம்

பிரபல படம் ஒன்றை எடுத்து, வேறொரு இயக்குநர் எடுத்த மாதிரி ரசிகர்களே மறுபடி வெட்டி ஒட்டும் வேலையைப் பற்றித்தான் இந்த மாதம் நிறையக் கடிதங்கள். அதிலும் 1977-இல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தை ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் கறுப்பு வெள்ளைப் படம்போல மாற்றுவது எப்படி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அதையே உதாரணமாக வைத்துப் பதில்கள்.

கோயம்புத்தூர் வாசகர்: இதெல்லாம் ட்ரெய்லர் கிண்டல்தானே? உருப்படியாகக் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

கிண்டலில்தான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். 2005-இல் நியூயார்க்கைச் சேர்ந்த உதவி எடிட்டர் ஒருவர், ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' என்ற திகில் படத்தைக் குடும்பப் பாசப் படம்போல ஒரு ட்ரெய்லராக வெட்டினார். புதிதாக ஒரு ஷாட்கூட எடுக்கவில்லை. பின்னணிக் குரல், பாட்டு, ஷாட்களின் வரிசை, இவ்வளவுதான் மாறின. கதாநாயகன் சிரிக்கும் அதே ஷாட், முன்னால் எது வருகிறது என்பதைப் பொறுத்து அன்பாகவும் தெரியும், வெறியாகவும் தெரியும்.

பாடமாகவே செய்தவரும் உண்டு. இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் 2014-இல், ஸ்பீல்பெர்க்கின் 'ரைடர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' முழுப் படத்தையும் நிறம் நீக்கி, வசனம் உட்பட எல்லாச் சத்தத்தையும் எடுத்துவிட்டு, வேறு படத்தின் இசையைப் போட்டு இணையத்தில் வைத்தார். ஷாட்களை எப்படி அமைத்து அடுக்கியிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள் என்பது அவர் சொன்ன காரணம். சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு பத்து நிமிடம் எந்தப் படத்தையாவது பாருங்கள், புரியும்.

நாகர்கோவில் வாசகி: எந்தப் படத்தையும் எந்த இயக்குநர் பாணிக்கும் மாற்றலாமா? வெஸ் ஆண்டர்சன் பாணியில் செய்ய ஆசை.

முடியாது. பாணியில் பாதி கேமராவுக்கு முன்னால் முடிந்துவிடுகிறது, மீதிதான் எடிட்டிங் மேசைக்கு வருகிறது. வெஸ் ஆண்டர்சனின் நடுக்கோட்டுச் சமச்சீர் ஃப்ரேமும், செட்டின் வண்ணமும், நேர்க்கோட்டில் நகரும் கேமராவும் படப்பிடிப்பில் உருவானவை. அவற்றை வெட்டி ஒட்டி வரவழைக்க வழியில்லை. டைட்டில் எழுத்தை மாற்றி இளஞ்சிவப்பு நிறம் பூசினால் வேஷம் ஒரு நிமிடம் தாங்கும்.

குரோசவாவிடம் மேசைக்கு வரும் பங்கு அதிகம். காட்சிக்குக் காட்சி கோடு போட்டுத் துடைக்கும் வைப், ஒரே திசையில் படிப்படியாக நெருங்கும் கட், இசையை எதிர்பார்க்கும் இடத்தில் காற்றையும் மழையையும் மட்டும் விடும் துணிச்சல். ஸ்டார் வார்ஸ் இதற்கு இடம் கொடுக்கும், ஏனென்றால் சரக்கே அங்கிருந்து வந்ததுதான். சண்டை போட்டுக்கொண்டே அலையும் இரண்டு எளிய ஆட்களின் கண் வழியே கதையைத் தொடங்குவதை, குரோசவாவின் 1958-ஆம் ஆண்டுப் படமான 'தி ஹிடன் ஃபோர்ட்ரஸ்'ஸிலிருந்து எடுத்ததாக ஜார்ஜ் லூகாஸே சொல்லியிருக்கிறார். அங்கே இரண்டு விவசாயிகள், இங்கே இரண்டு ரோபோக்கள்.

முழுப் படத்தில் கை வைக்காதீர்கள். ரோபோக்கள் பாலைவனத்தில் இறங்கிச் சண்டை போட்டுப் பிரியும் பகுதியை மட்டும் நான்கைந்து நிமிடத்துக்கு முதலில் செய்யுங்கள். வைப், காற்று, மணல், வாய் அசையாத பேச்சாளர்கள் என்று எல்லாச் சிக்கலும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

மதுரை வாசகர்: நிறத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன். கறுப்பு வெள்ளை வரவில்லை, கழுநீர்தான் வந்தது. ஏன்?

நிறச் செறிவை, அதாவது சாச்சுரேஷனைப் பூஜ்யமாக்கும்போது மென்பொருள் பெரும்பாலும் எச்டி வீடியோவுக்கான வழக்கமான விகிதத்தில் மூன்று நிறங்களையும் கலக்கிறது: சிவப்பு சுமார் 21 சதவீதம், பச்சை 72, நீலம் 7. வண்ணத்தில் தனித்தனியாகத் தெரிந்த மணலும் தோலும் வானமும் இந்தக் கலவையில் ஏறக்குறைய ஒரே சாம்பலில் வந்து உட்காரும். அதுதான் உங்கள் கழுநீர்.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே ஆர்ஜிபி மிக்ஸர் இருக்கிறது. அதில் மோனோக்ரோம் என்பதை டிக் செய்து, மூன்று நிறத்தின் பங்கையும் நீங்களே கொடுங்கள். கூட்டுத்தொகை 100-ஐ ஒட்டி இருக்கட்டும், இல்லையென்றால் வெளிச்சமே ஏறி இறங்கும். பாலைவனத்துக்கு சிவப்பு 60, பச்சை 35, நீலம் 5 என்று ஆரம்பியுங்கள். கேமராவில் சிவப்பு ஃபில்டர் மாட்டிய மாதிரி நீல வானம் இருண்டு, மணல் வெளுத்துப் பிரியும். இதே அளவை முகத்துக்கு வைத்தால் உதடு மறைந்து முகம் காகிதம்போல ஆகிவிடும். அண்மைக் காட்சிகளுக்கும் விண்கப்பலின் உள்காட்சிகளுக்கும் சிவப்பு 30, பச்சை 50, நீலம் 20 பக்கம் வாருங்கள். ஒரே அளவைப் படம் முழுக்கப் போடுகிறவர்கள்தான் அதிகம், அங்கேதான் பாதிப் படம் கெடுகிறது.

ஒளிவாள் சண்டை தனித் தலைவலி. வாளின் நடுத்தண்டு இரண்டிலும் வெள்ளைதான், ஓரத்து ஒளிவட்டம்தான் நீலமும் சிவப்பும். பாலைவன அளவை அப்படியே இங்கே இழுத்து வந்தால் வில்லன் டார்த் வேடரின் சிவப்பு வாள் தகதகக்கும், முதிய வீரர் ஓபி-வானின் நீல வாள் குச்சியாகிவிடும். இந்தக் காட்சிக்கு மட்டும் சிவப்பு 35, பச்சை 40, நீலம் 25. அதற்கு மேல் நீலத்தை ஏற்றாதீர்கள். ப்ளூ-ரே டிஸ்க்கில் வெளிச்சத் தகவல் 1920-க்கு 1080 புள்ளி என்றால், நிறத் தகவல் 960-க்கு 540 மட்டுமே. நீலத்தை ஏற்ற ஏற்ற அந்தக் குறைந்த தகவல்தான் கட்டம் கட்டமாக வெளியே வரும்.

இன்னொன்று, வேடரின் கறுப்புத் தலைக்கவசம் இருட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான வேவ்ஃபார்மில் 0 முதல் 1023 வரை இருக்கும் அளவில், ஆழ்ந்த கறுப்பை 40–50-க்குக் கீழே விடாதீர்கள்.

சேலம் வாசகர்: பழைய படம்போலத் தெரிய கோடு, தூசி, புள்ளி எல்லாம் போடலாமா?

குரோசவா படங்கள் வெளியான நாளில் கோடு விழுந்து ஓடவில்லை. தேய்ந்த பிரின்ட்டின் பாணி வேறு, இயக்குநரின் பாணி வேறு. பிலிமில் மணிமணியாகத் தெரியும் துகள், அதாவது கிரெயின் போதும்.

தஞ்சாவூர் வாசகி: ஸ்டார் வார்ஸிலேயே வைப் இருக்கிறதே! அப்படியே விட்டுவிடலாம் அல்லவா?

இருக்கிறது, ஆனால் லூகாஸ் பல வடிவத்தில் வைத்திருக்கிறார். சாய்வாக, வட்டமாக, ஓரம் மங்கலாகவும்கூட. குரோசவாவுடையது பெரும்பாலும் நிமிர்ந்த கோடு, ஓரம் கூர்மை, பக்கவாட்டில் ஓட்டம். எனவே நேர்க்கோட்டு வைப்களை விட்டுவிட்டு மற்றவற்றை மாற்ற வேண்டும். மாற்றப் போகும்போதுதான் வலி தெரியும்.

வைப் நடக்கும் ஃப்ரேம்களில் இரண்டு காட்சியும் ஏற்கெனவே ஒன்றாகப் பதிந்திருக்கும், பிரிக்க முடியாது. 30 ஃப்ரேம் வைப் என்றால் அந்த 30-ஐயும் வெட்டி எறிய வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் போடும் புது வைப்புக்கு 24 ஃப்ரேம் வேண்டும் என்றால், போகும் காட்சியின் சுத்தமான கடைசி 24-உம், வரும் காட்சியின் முதல் 24-உம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். விநாடிக்கு 24 ஃப்ரேம் என்பதால், காட்சி மொத்தத்தில் இரண்டு விநாடிக்கு மேல் சுருங்கும். அந்த இடத்தில் வசனத்தின் வால் இருந்தால் வால் போச்சு.

வழி இரண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத பரந்த ஷாட்டாக இருந்தால் கடைசிச் சுத்த ஃப்ரேமை உறைய வைத்து நீட்டலாம். ஃப்ரேம் உறைந்தால் அதிலிருக்கும் கிரெயினும் உறைந்து நிற்கும், கண் உடனே பிடித்துவிடும். ஆகையால் ஓடும் கிரெயினை மேலே போட்டே தீர வேண்டும். ஆள் அசையும் ஷாட் என்றால், வைப்பையே கைவிட்டு நேர் கட் கொடுத்துவிடுங்கள். குரோசவாவும் எல்லா இடத்திலும் துடைத்துக்கொண்டிருக்கவில்லை.

வேகம் 20 முதல் 30 ஃப்ரேம். மென்பொருளில் வைப்பின் ஓர மென்மையையும் பார்டரையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஷாட்டுக்குள் ஆள் வலப்பக்கம் நடந்தால் கோடும் வலப்பக்கம் ஓடட்டும். ஆளைத் துரத்திக்கொண்டு கோடு வருவதுபோல இருக்கும். சத்தத்தை வைப் தொடங்கும்போது மாற்றாமல், கோடு நடுத்திரைக்கு வரும்போது மாற்றிப் பாருங்கள்.

விழுப்புரம் வாசகர்: குரோசவாவின் 'ஏழு சாமுராய்' படத்தில் தடால் தடால் என்று நெருங்குமே, அந்த 'கட்'டை எப்படிச் செய்வது?

கேமரா திசை மாறாமல் தூரம், நடுத்தரம், அண்மை என்று மூன்று எட்டில் நெருங்குவது. அக்ஸியல் கட் என்பார்கள். நம்மிடம் இருப்பது ஒரே ஷாட் என்பதால் அதையே பெரிதாக்கி வெட்ட வேண்டும்: 100, 150, 210 சதவீதம். 115, 130 என்று கஞ்சத்தனமாக ஏற்றினால் படம் தடுக்கி விழுந்த மாதிரி இருக்கும், யாரும் கட் என்று நினைக்க மாட்டார்கள். ஒவ்வொன்றும் 12 முதல் 18 ஃப்ரேம்.

ப்ளூ-ரே மூலத்தில் 130-ஐத் தாண்டினாலே கூர்மை போகும். 4கே டிஸ்க்கிலிருந்து எடுத்து 1080 டைம்லைனில் வைத்தால் 200 வரை தாங்கும். அப்போதும் ஒரு குறை மிஞ்சும். உண்மையில் கேமராவை நகர்த்தி எடுத்தால் பின்னணிக்கும் ஆளுக்கும் உள்ள அளவு விகிதம் மாறும், வெறுமனே பெரிதாக்கினால் மாறாது. வெறும் வானமோ மணலோ பின்னால் இருக்கும் ஷாட்டில் இந்தக் குறை தெரியாது. இதைப் படத்தில் இரண்டு மூன்று இடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

புதுச்சேரி வாசகர்: ஜான் வில்லியம்ஸ் இசையை எடுத்துவிட்டு டைக்கோ முரசு போட்டேன். ஏதோ விளம்பரப் படம்போல இருக்கிறது.

இருக்கும். முரசும் ஷாகுஹாச்சிக் குழலும் போட்டால் ஜப்பான் வந்துவிடும் என்பது வெளியூர்க்காரன் கணக்கு. குரோசவாவின் 'யோஜிம்போ'வுக்கு மசாரு சாட்டோ போட்ட இசையில் பித்தளை வாத்தியங்களும் ஹார்ப்சிகார்டும் துள்ளிக்கொண்டிருக்கும். அவருடைய 'ரான்' படத்தில் கோட்டை எரியும் போரில் வாள் சத்தமோ அலறலோ கிடையாது, டோரு டகெமிட்சுவின் இசை மட்டும் ஓடும். துப்பாக்கி ஒன்று வெடிக்கும்போதுதான் நிஜச் சத்தம் திரும்புகிறது. இசை எங்கே இல்லை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வேலை முறை இது. டிஸ்க்கில் ஆறு சேனலாக இருக்கும் 5.1 ஒலியை ஆறு தனி வேவ் கோப்பாகப் பிரியுங்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் போதும். டிஸ்க்குகளில் வரும் டிடிஎஸ் வகை ஒலியை ரிசால்வ் படிக்காது என்பதால் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும், இசையின் பெரும்பகுதி இடம் வலம் சேனல்களில். நடுவை மட்டும் வைத்துக்கொண்டால் முக்கால் கிணறு தாண்டியாச்சு. அதில் கசிந்திருக்கும் இசையை டெமுக்ஸ் போன்ற பிரிக்கும் கருவியால் குறைக்கலாம். ஆனால் அது பாட்டைக் குரல், முரசு, பேஸ், மற்றவை என்று பிரிக்கப் பழகிய கருவி. லேசர் சத்தத்தை முரசு என்று நினைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். பேச்சைக் காப்பாற்ற மட்டும் பயன்படுத்துங்கள், சிறப்புச் சத்தங்களைப் புதிதாக அடுக்குங்கள்.

இரட்டைச் சூரியன் மறையும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வசனமே இல்லை, படம் முழுவதையும் இசைதான் தூக்கி நிறுத்துகிறது. இசையை உருவினால் கையில் ஒன்றுமில்லை. மூன்று அடுக்கு போடுங்கள்: 400 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிய கனத்த காற்று ஒன்று, இடையிடையே எழுந்து அடங்கும் மெல்லிய விசில் காற்று ஒன்று, கதாநாயகன் லூக் நடக்கும் மணல் காலடியும் துணி படபடப்பும். அவன் நின்றதும் காலடி நிற்க வேண்டும், காற்று மட்டும் கொஞ்சம் ஏற வேண்டும். எதையும் போடாமல் முழு நிசப்தம் விட்டால் பார்ப்பவர் ஸ்பீக்கர் ஒயரைத்தான் தேடுவார். படம் முழுவதற்கும் அடியில் மைனஸ் 55 டெசிபல் அளவில் ஒரு மெல்லிய இரைச்சல் ஓடட்டும்.

கடைசியில் எல்லாவற்றையும் மோனோவாக்கி, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 8,000-க்கு மேலும் மெதுவாகச் சரிய விடுங்கள். இடம் வலத்தை மோனோவாக இணைக்கும்போது ஒன்றையொன்று அழித்துச் சில சத்தம் காணாமல் போகும். ஒரு முறை முழுதாகக் கேட்டுப் பாருங்கள்.

யாழ்ப்பாணம் வாசகர்: ஜப்பானிய டப்பிங் ஒலியும் தமிழ் சப்டைட்டிலும் போட விருப்பம். உதடு ஒட்டுமா?

இந்தப் படத்தில் அதிர்ஷ்டம் உங்கள் பக்கம். ரோபோ சி-3பிஓ, வேடர், வெள்ளைக் கவசச் சிப்பாய்கள் என்று முதல் இருபது நிமிடத்தில் பேசுகிறவர்களில் பலருக்கு வாயே தெரியாது. ஜப்பானிய டிஸ்க்கில் ஜப்பானிய டப்பிங் இருக்கும். ப்ளூ-ரேயில் ஜப்பான் ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். டிரைவ் மறுக்கலாம். 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு கிடையாது.

ஒலி விலகினால் 5-ஆவது நிமிடத்திலும் 115-ஆவது நிமிடத்திலும் ஒப்பிடுங்கள். விலகல் இரண்டிலும் ஒரே அளவு என்றால் தொடக்க லோகோவின் நீளம் வேறு, நகர்த்தினால் தீர்ந்தது. விலகல் வளர்ந்துகொண்டே போய் இறுதியில் 7 விநாடி ஆகியிருந்தால், ஒன்று 24 ஃப்ரேம், மற்றது 23.976. ஒலியின் வேகத்தை 0.1 சதவீதம் மாற்றுங்கள். நடுவில் திடீரென்று மாறினால் நீங்கள் ஒரு பதிப்பின் படத்தையும் வேறு பதிப்பின் ஒலியையும் வைத்திருக்கிறீர்கள். 1997-இல் வந்த சிறப்புப் பதிப்பில் காட்சிகள் கூடியிருக்கின்றன.

தமிழ் எழுத்தை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் கோப்பாகச் சேமித்து, படத்திலேயே பதித்துவிடுங்கள். சில டிவிக்கள் 'கொ' என்பதில் கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால் வைக்கும். வெள்ளை எழுத்து வெள்ளை மணலில் கரையும் என்பதால் கறுப்பு ஓரம் 2 புள்ளியாவது வேண்டும். சப்டைட்டில் அடுக்கு கிரெயினுக்கு மேலே இருக்கட்டும்.

கரூர் வாசகி: 4:3 சதுரத் திரையாக வெட்டலாமா?

ஸ்டார் வார்ஸின் அகலத்தில் 40 சதவீதத்துக்கு மேல் போய்விடும். இருவர் பேசும் ஷாட்டில் ஒருவர் மூக்கு மட்டும் மிஞ்சும். 'ஹிடன் ஃபோர்ட்ரஸ்' குரோசவாவின் முதல் அகலத்திரைப் படம்தான், அப்படியே விடுங்கள்.

தூத்துக்குடி வாசகர்: ஆள் சாய்ந்து விழும் இடத்தில் ஸ்லோ மோஷன் வைத்தேன். கை உருகி ஓடுகிறது.

'ஏழு சாமுராய்'க்குக் கேமராவையே வேகமாக ஓட்டி எடுத்தார்கள். உங்களிடம் விநாடிக்கு 24 ஃப்ரேம்தான். இல்லாத ஃப்ரேமை மென்பொருளின் ஆப்டிகல் ஃப்ளோ வசதி ஊகித்து வரைகிறது. கை உடலைக் கடக்கும் இடத்தில் எது எதன் மேல் என்று அதற்குத் தெரியவில்லை. வேகத்தை 70 சதவீதத்துக்குக் கீழ் இறக்காதீர்கள். தனி ஆள், வெறும் பின்னணி உள்ள ஷாட்டாகப் பார்த்து வையுங்கள்.

திருச்சி வாசகர்: ரிசால்வில் அழகாக இருந்த கிரெயின், எக்ஸ்போர்ட் செய்ததும் சேறாகிவிட்டது.

கிரெயின் ஒவ்வொரு ஃப்ரேமிலும் மாறுவது. சுருக்கும் முறையோ ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறாததைத் தேடிப் பிழைப்பது. ஒரு விநாடிக்கு ஒதுக்கும் தகவல் அளவான பிட்ரேட் குறைவாக இருந்தால் முதல் பலி கிரெயின்தான். 1080-க்கு விநாடிக்கு 20 மெகாபிட் வையுங்கள், இரண்டு மணி நேரப் படம் 18 ஜிபி வரும். எக்ஸ்264 என்ற சுருக்கும் மென்பொருளில் செய்தால், தர அளவான சிஆர்எஃப் 16 முதல் 18, 'ட்யூன்' அமைப்பில் 'கிரெயின்'. ரிசால்வின் ஃபிலிம் கிரெயின் எஃபெக்ட் கட்டணப் பதிப்பில்தான் உண்டு. இலவசத்தில், ஸ்கேன் செய்த 35 எம்எம் கிரெயின் கிளிப்பை மேல் அடுக்கில் ஓவர்லே முறையில் 15–25 சதவீதம் வைத்தால் போதும். எடிட் செய்யும்போது ப்ளூ-ரே கோப்பை நேரடியாக வெட்டாமல், எடிட்டிங்குக்கு ஏற்ற டிஎன்எக்ஸ்எச்ஆர் வகைக் கோப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். உயர்தரத்தில் 150 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும், எல்பி என்ற குறைந்த தரத்தில் 35 ஜிபிக்குள் முடியும். எல்பியில் வெட்டி முடித்து, கடைசியில் மூலத்தோடு இணைத்துக்கொள்ளலாம்.

சென்னை வாசகர்: செய்து முடித்ததை யூடியூபில் ஏற்றினால் பிரச்சினை வருமா?

வரும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆம் பிரிவு, சொந்த உபயோகம், ஆய்வு, விமர்சனம் ஆகியவற்றுக்கு நியாயமான அளவில் இடம் தருகிறது. முழுப் படத்தை ஊருக்கே காட்டுவது அதில் அடங்காது. 57-ஆம் பிரிவின்படி, தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் படைத்தவருக்கு உண்டு. உரிமை மீறும் நோக்கத்தோடு டிஸ்க்கின் பூட்டை உடைப்பது 65ஏ பிரிவில் வரும் குற்றம். உரிமையுள்ள படங்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி, நிறத்தை எடுத்தாலும் படத்தையும் ஒலியையும் தனித்தனியாக ஒப்பிடும். கறுப்பு வெள்ளையாக்கியதால் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

இரண்டு மூன்று நிமிடப் பகுதியை, எந்த 'கட்'டை ஏன் மாற்றினீர்கள் என்ற உங்கள் குரல் விளக்கத்தோடு, அசலையும் பக்கத்தில் வைத்துப் போட்டால் விமர்சனம் என்று வாதாட இடம் உண்டு. அப்போதும் தடை வரலாம். வந்தால் மறுப்பு மனு போடும் முன் அசல் ஒலி எங்கெங்கே மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மாட்டுவது, நீங்கள் எடுத்துவிட்டதாக நினைத்த ஜான் வில்லியம்ஸ் இசையின் ஏதோ எட்டு விநாடி.